96 ஆடுகளில் இருந்து 9 வாட் வரை

திருச்சியில் எந்த எலக்ட்ரிகல் கடையில் போய் "ஒரு பல்பு குடுங்க" என்று கேட்டாலும், கடைக்காரர் திருப்பிக் கேட்பது "எத்தனை வாட்?" என்றுதான். வாங்குபவருக்கு வேண்டியது வெளிச்சம். ஆனால் வாட் என்பது வெளிச்சத்தின் அளவே அல்ல. ஒரு விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பதன் அளவு அது. "எவ்வளவு பால் கறக்கும்?" என்று கேட்காமல் "எவ்வளவு புல் தின்னும்?" என்று கேட்டு மாடு வாங்குவது போலத்தான் இதுவும்!

வேடிக்கை என்னவென்றால், ஆயிரம் வருடத்துக்கு முன்பு இதே காவிரிக் கரையில் விளக்கை நிஜமாகவே ஆடு மாடு வைத்துத்தான் கணக்குப் பார்த்தார்கள். அந்தக் கணக்கு இன்றைய பல்பு கணக்கைவிடத் தெளிவாக இருந்தது. எப்படி என்று பார்ப்போம்.

சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் கொடை 'திருநந்தா விளக்கு'. இரவும் பகலும் அணையாமல் எரியும் விளக்கு. ஸ்ரீரங்கம் கோயிலில் அறுநூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாம் பராந்தகன் காலத்தவையும் (10-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி) அவற்றில் உண்டு. உய்யக்கொண்டான் மலை, திருவெறும்பூர் என்று திருச்சியைச் சுற்றியுள்ள மலைக் கோயில்களிலும் முற்காலச் சோழர் கல்வெட்டுகளைப் பார்க்கலாம்.

இந்த விளக்குக் கொடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விளக்கைக் கொடுப்பது பெரிய விஷயமாகவே பேசப்படுவதில்லை. ஒரு மண் அகலோ பித்தளை விளக்கோ வாங்கி வைத்துவிடலாம். அது தினமும் எரிவதற்கு யார் நெய் ஊற்றுவது? கல்வெட்டின் முக்கால்வாசி வரிகள் இந்தக் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலக் கல்வெட்டுகள் இதற்கு ஒரு கணக்கே கொடுக்கின்றன. ஒரு விளக்குக்கு நாள் ஒன்றுக்கு ஓர் உழக்கு நெய். அந்த நெய் கிடைக்க 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் ஒதுக்கப்பட்டன. உழக்கு என்பது நாழியில் கால் பங்கு. 'ஆடவல்லான்' என்று பெயரிட்ட அளவையால் அளந்து ஊற்ற வேண்டும். யாரும் கைக்கு வந்தபடி ஊற்றிவிட்டுப் போக முடியாது!

96, 48, 16 என்ற எண்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரண்டு ஆடு ஒரு பசுவுக்குச் சமம், மூன்று பசு ஒரு எருமைக்குச் சமம். எருமைப் பாலில் கொழுப்பு சுமார் 7 சதவீதம், பசும்பாலில் 4 சதவீதம் அளவுக்குத்தான். ஆடு கறப்பதோ கொஞ்சம், அதிலும் குட்டிக்குப் போக மிச்சம்தான். எந்தத் தீனியில் இருந்து எவ்வளவு நெய் வரும் என்று அனுபவத்தில் தெரிந்தவர்கள் போட்ட பட்டியல் இது.

ஆடுகளை மன்றாடிகள் எனப்பட்ட இடையர்கள் பொறுப்பில் விட்டார்கள். கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடுகள்! ஆடு எப்படிச் சாகாமல் இருக்கும்? செத்தாலும் குட்டிகள் போட்டுக்கொண்டே இருப்பதால் மந்தையின் எண்ணிக்கை குறையாது, குறையவும் விடக்கூடாது என்பதுதான் ஒப்பந்தம். முதல் அப்படியே இருக்கும், வட்டியில் விளக்கு எரியும். வங்கியில் பிக்சட் டெபாசிட் போட்டு வைப்பது போலத்தான்.

அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருந்தது. பாதி ஆடுகளைக் கொடுத்து அரை விளக்கு வைக்கலாம். அந்தி நேரத்தில் மட்டும் எரியும் 'சந்தி விளக்கு' வைக்கலாம். எத்தனை நேரம் எரிய வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப விலையைக் கட்டியிருக்கிறார்கள். கொடுத்தவர், நெய் அளப்பவர், எரிப்பவர் மூவரும் யார் யார், யாருக்கு எவ்வளவு பொறுப்பு என்பது கல்லிலேயே எழுதப்பட்டிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல்பு கதை சுலபமாகப் புரியும்.

இவ்வளவு செலவு செய்து எரித்த விளக்கில் வெளிச்சம் எவ்வளவு வந்தது? இதற்கு ஒரு விடை வெளிநாட்டில் இருந்து கிடைக்கிறது. வில்லியம் நார்ட்ஹாஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் (2018-இல் நோபல் பரிசு பெற்றவர்), 1990-களில் வெளிச்சத்தின் விலை வரலாற்றில் எப்படி மாறியது என்று ஆராய்ந்தார். அதற்காகப் பழைய ரோமானிய மண் விளக்கு ஒன்றை வாங்கி, எண்ணெய் ஊற்றி ஏற்றி, வெளிச்சத்தை மீட்டர் வைத்து அளந்தார். அவர் ஊற்றியது என்ன எண்ணெய் தெரியுமா? நம் நல்லெண்ணெய்தான்! அவருக்குக் கிடைத்த அளவு ஒரு வாட்டுக்குச் சுமார் 0.06 லூமென். (லூமென் என்பதுதான் வெளிச்சத்தின் அலகு.)

இன்றைய 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 800 லூமென் தருகிறது. அதே வெளிச்சத்தை அகல் விளக்குகளால் கொண்டுவர வேண்டும் என்றால், மணிக்கு ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ நல்லெண்ணெய் எரிக்க வேண்டியிருக்கும். ஒரு கிலோ எண்ணெயில் சுமார் 10 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மாலை ஆறு முதல் பத்து வரை என்றால் ஐந்து கிலோ. எந்தக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகும்?

அதனால்தான் பழைய வீடுகள் விளக்கை நம்பிக் கட்டப்படவில்லை. ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிகளில் மிச்சமிருக்கும் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளமாக இருக்கும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு இடமில்லை. நடுவில் முற்றம் வைத்து வெளிச்சத்தை மேலிருந்து இறக்கினார்கள். ஓட்டுக் கூரையில் இடையில் ஒரு கண்ணாடி ஓடு. சாயங்காலம் மாடத்தில் ஒரு விளக்கு, சாமி அறையில் ஒன்று. சாப்பாடு சீக்கிரமே முடிந்துவிடும். பகல் வெளிச்சத்துக்கு கரண்ட் பில் வராது என்பதை இன்றைய அபார்ட்மென்ட் கட்டுகிறவர்கள் மறந்தே போய்விட்டார்கள்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மண்ணெண்ணெய் வந்தது. கெரசின் ஆயில் என்பது மக்கள் வாயில் 'கிருஷ்ணாயில்' ஆகி, சாமி பெயரோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. முதலில் அமெரிக்காவில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும், பிறகு பர்மாவில் இருந்தும் வந்தது. சிம்னி விளக்கு, அரிக்கேன் விளக்கு எல்லாம் இதன் பிள்ளைகள்தான். நல்லெண்ணெயைவிட மலிவு, வெளிச்சமும் அதிகம். புகையும் நாற்றமும் இலவசம்.

மண்ணெண்ணெய் விளக்குகளில் ராஜா என்றால் பெட்ரோமாக்ஸ். 1984-இல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் மேன்டிலைத் தொட்டு உதிர்த்துவிடும் காட்சியை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மேன்டில் ஏன் அப்படி உதிர்கிறது? முதல் தடவை பற்றவைக்கும்போதே அதன் துணி எரிந்துபோய்விடும். மிஞ்சுவது தோரியம் ஆக்சைடும் கொஞ்சம் சீரியமும் சேர்ந்த சாம்பல் கூடு. அந்தக் கூடு சூட்டில் பளீரென்று ஒளிரும். ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் 1885-இல் காப்புரிமை பெற்ற முறை இது. இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரில் இருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் இருந்துதான் தோரியம் எடுப்பார்கள். உடனே இங்கே வந்து மணவாளக்குறிச்சியில் (இன்று கன்னியாகுமரி மாவட்டம்) ஆலை போட்டார்கள். நம் கடற்கரை மணல் ஜெர்மனிக்குப் போய் மேன்டிலாகிக் கல்யாண வீடுகளில் எரிந்த காலம் அது.

இதற்கிடையில் மின்சாரம் வந்தது. எடிசனின் பல்பு 1879. ஸ்ரீரங்கம் தீவிலேயே உள்ள திருவானைக்காவலில் 1888-இல் சி.வி. ராமன் பிறந்தபோது அந்த ஊரில் எண்ணெய் விளக்குதான். ஒளியை ஆராய்ந்து நோபல் வாங்கப் போகிறவர் அகல் வெளிச்சத்தில் பிறந்தார் என்பது ஒரு சுவையான தகவல். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மேட்டூர் அணை 1934-இல் முடிந்து, அதன் அடியில் மின்நிலையம் 1937-இல் வந்தது. மேட்டூரில் டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் அதே தண்ணீர்தான் முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. அம்மா மண்டபத்தில் முழுக்குப் போடுகிறவர்கள் காலில் படுவது, விளக்கு எரித்து முடித்த தண்ணீர்!

1957-இல் மின்வாரியம் அமைந்தது. 1965-இல் திருவெறும்பூரில் பெல் தொழிற்சாலை. அனல்மின் நிலையங்களுக்கான பாய்லர்கள் இங்கே செய்யப்பட்டு நாடு முழுவதும் போகின்றன. நாட்டின் எங்கோ ஒரு மூலையில் ஒருவர் சுவிட்சைப் போடும்போது திருச்சிக்காரர்கள் வெல்டிங் வைத்த பாய்லர் ஒன்று எங்கோ எரிந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

சரி, வீட்டுக்குள் வருவோம். குண்டு பல்பு என்பது உண்மையில் ஒரு அடுப்பு. டங்ஸ்டன் கம்பி வெள்ளையாகப் பழுக்கும்வரை சூடாகிறது. தின்னும் மின்சாரத்தில் சுமார் 5 சதவீதம்தான் கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது, மீதி எல்லாம் சூடு. மே மாதம் திருச்சி வெயிலில் 40 டிகிரி அடிக்கும்போது மேலே ஃபேன் காற்றைச் சுற்ற, பக்கத்தில் பல்பு அதே காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. ஆயுள் 1,000 மணி நேரம். இந்த 1,000 என்ற எண்ணும் தற்செயல் இல்லை. 1924-இல் ஜெனிவாவில் பெரிய பல்பு கம்பெனிகள் ஒன்று கூடி, அதற்கு மேல் பல்பு உழைக்கக்கூடாது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ஃபீபஸ் கூட்டணி என்று அதற்குப் பெயர்.

டியூப் லைட் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் சாயங்காலம் லோ வோல்டேஜ் வந்தால் டியூப் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும், எரியாது. ஸ்டார்ட்டரைத் திருகிப் பார்ப்பதே வீட்டுப் பிள்ளைகளின் வேலை. அதனால் டியூப் வாங்கிய வீட்டிலும் அவசரத்துக்கு ஒரு குண்டு பல்பு இருந்தே தீரும். இன்னொன்று, 40 வாட் டியூப் என்று எழுதியிருந்தாலும் செம்புக் கம்பி சோக் தன் பங்குக்கு 10 முதல் 15 வாட் வரை தின்றுவிடும்.

அதைவிடப் பெரிய கூத்து ஜீரோ வாட் பல்பு. பூஜை அறையிலும் படுக்கை அறையிலும் ராத்திரி முழுவதும் எரிந்த அந்தச் சிவப்பு, நீல பல்புகள் ஜீரோ வாட் இல்லவே இல்லை. 12 முதல் 15 வாட் வரை எடுத்தவை. பழைய சுழல் மீட்டர்கள் அவ்வளவு சின்ன லோடில் சரியாகச் சுற்றாது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 15 வாட் பல்பு தினமும் பத்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 9 யூனிட். நாளைக்கு ஐந்து மணி நேரம் எரியும் 9 வாட் எல்.இ.டி. அதே இரண்டு மாதத்தில் 3 யூனிட்டைக்கூடத் தொடாது. ஜீரோ எது?

இவ்வளவு தெரிந்தும் மக்கள் ஏன் குண்டு பல்பையே வாங்கினார்கள்? 2000-களில் குண்டு பல்பு பத்து ரூபாய் சுமாருக்குக் கிடைத்தது. சி.எஃப்.எல். நூறு ரூபாய்க்கு மேல். 60 வாட் பல்பு தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 18 யூனிட். அதே வெளிச்சம் தரும் 14 வாட் சி.எஃப்.எல். என்றால் 4 யூனிட்டும் கொஞ்சமும்தான். ஆனால் கையில் நூறு ரூபாய் இல்லாதவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லி என்ன பயன்? அவர் பத்து ரூபாய் பல்பை வாங்கி, மிச்சத்தைப் பில்லில் தவணை தவணையாகக் கட்டினார். வாடகை வீட்டில் இன்னும் மோசம். ஃபிட்டிங் வாங்குவது வீட்டுக்காரர், பில் கட்டுவது குடியிருப்பவர். வீட்டுக்காரர் ஏன் நல்ல விளக்கு போடப் போகிறார்?

இதன் உச்சம் குடிசை விளக்குதான். தமிழ்நாட்டில் குடிசைகளுக்கு இலவச மின்சாரம் தரும் திட்டம் பல வருடங்களாக இருந்தது. மீட்டர் கிடையாது, ஒரே ஒரு விளக்கு, 40 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. நல்ல திட்டம் என்பதில் சந்தேகமே இல்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்த பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய மாற்றம்! ஆனால் 40 வாட் குண்டு பல்பு தருவது சுமார் 400 லூமென்தான். அதே 40 வாட்டுக்குள் 13 வாட் சி.எஃப்.எல். மூன்று போட்டிருந்தால் ஐந்து மடங்குக்கு மேல் வெளிச்சம் கிடைத்திருக்கும். சட்டம் வாட்டை எண்ணியது, விளக்கை எண்ணியது, வெளிச்சத்தை எண்ணவில்லை. குடிசைக்காரர் நூறு ரூபாய் போட்டு 9 வாட் சி.எஃப்.எல். வாங்கினால் மிச்சமாகும் மின்சாரம் வாரியத்துக்கு. அவருக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ராஜராஜன் கல்வெட்டில் நெய் யார் பொறுப்பு என்று எழுதியிருந்ததே, அந்த வரி மட்டும் இங்கே காணாமல் போய்விட்டது.

2008-இல் தொடங்கிய மின்வெட்டு இந்தக் கணக்கை எல்லோருக்கும் புரிய வைத்தது. 2012-இல் பற்றாக்குறை சுமார் 4,000 மெகாவாட் வரை போனது. சென்னைக்கு வெளியே பல ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை, திருச்சியும் தப்பவில்லை. வசதி உள்ளவர்கள் இன்வெர்ட்டர் வாங்கினார்கள். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டளவில் இருப்பது 1.8 யூனிட்தான். அதில் குண்டு பல்பு போட்டால் எவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்பதை ஒரே ராத்திரியில் கண்ணால் பார்த்துவிடலாம். எத்தனையோ விளம்பரங்கள் செய்யாததை அந்த பேட்டரி செய்தது. நெய் தீர்வது கண்ணுக்குத் தெரிந்தால் மனிதன் தானாகத் திரியைச் சிறிதாக்குவான்.

விலைப் பிரச்சினையைத் தீர்க்க மத்திய அரசு முதலில் 2009-இல் 'பச்சத் லேம்ப் யோஜனா' கொண்டுவந்தது. பழைய குண்டு பல்பைக் கொடுத்துவிட்டு 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். வாங்கிக்கொள்ளலாம். மீதி விலையைக் கார்பன் கிரெடிட் விற்று ஈடுகட்டுவது யோசனை. பெரிதாக ஓடவில்லை. சி.எஃப்.எல்.-க்கு உள்ளேயே ஒரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொன்றிலும் சில மில்லிகிராம் பாதரசம். உடைந்தால் எங்கே போடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை, எல்லாம் குப்பைத்தொட்டிக்கே போயின.

2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம்தான் ஆட்டத்தை மாற்றியது. அரசு நிறுவனமான இ.இ.எஸ்.எல். கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டது. 2014-இல் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது! நாடு முழுவதும் 36 கோடிக்கு மேல் பல்புகள் விநியோகமாயின. தமிழ்நாடு பல மாநிலங்களுக்குப் பிறகுதான் இதில் சேர்ந்தது. அதற்குள் கடை விலையே இறங்கிவிட்டதால் மக்கள் தாங்களாகவே மாறத் தொடங்கியிருந்தார்கள். சாவா மூவாப் பேராடு கொடுக்க ராஜா வேண்டியிருந்தது போல, முதல் விலையை உடைக்க அரசாங்கம் வேண்டியிருந்தது.

இப்போது கடைக்குப் போகிறவர் பார்க்க வேண்டியது அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் லூமென். 9 வாட்டில் ஒரு பல்பு 800 லூமெனும் இன்னொன்று 900-க்கு மேலும் தரலாம். விலை ஒன்றாக இருந்தால் இரண்டாவதை எடுக்கலாம். நட்சத்திர முத்திரையும் உதவும். படிக்கிற மேசைக்கு வெள்ளை, படுக்கை அறைக்கு மஞ்சள் என்று 6500, 2700 கெல்வின் எண்களைப் பார்த்து வாங்கலாம். 25,000 மணி நேரம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். எல்.இ.டி. சில்லு உழைத்தாலும், அதன் அடியில் உள்ள மின்சுற்று சூட்டில் கெட்டுவிடும். காற்றே புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் மாட்டினால் திருச்சி வெயிலுக்குச் சீக்கிரம் போய்விடும். திறந்த ஹோல்டரில் மாட்டுவதே நல்லது.

பழைய டியூப் லைட் பட்டியிலேயே எல்.இ.டி. டியூபைப் பொருத்துகிறவர்கள் எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. இந்த டியூபுக்கு சோக் வேண்டுமா, வேண்டாமா? நேரடி இணைப்பில் ஓடும் வகை என்றால், பழைய செம்பு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் கழற்றிவிட்டு ஒயரிங்கை மாற்றித்தான் மாட்ட வேண்டும். பழைய சோக்கை அப்படியே விட்டு ஓடும் வகையும் உண்டு. அதில் டியூப் மாறினாலும் பட்டிக்குள் சோக் தன் பங்கைக் கொஞ்சம் தின்றுகொண்டேதான் இருக்கும்.